கல்வெட்டும் கம்ப்யூட்டரும்

லீவு விட்டால் டைப்ரைட்டிங், தையல், இந்திப் பரீட்சை என்று பெண்களை அனுப்பியது ஒரு காலம். இப்போது கல்லூரிப் பெண்கள் ‘இன்டர்ன்ஷிப்’ என்கிறார்கள். இரண்டு மாதம் ஓரிடத்தில் வேலை பழகுவதுதான் அது. சரித்திரம் படிக்கும் என் அக்கா பெண், இந்தக் கோடையில் ரமணாசிரமம் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் தங்கி அப்படி ஒரு வேலை பார்த்தாள். கோயில் கல்வெட்டு விவரங்களைக் கம்ப்யூட்டரில் அட்டவணையாக ஏற்றும் வேலை.

“பார்த்து அடிக்கிறதுதானே, இதென்ன பிரமாதம்?” என்றார் எதிர்வீட்டு மாமி. அப்படியில்லை சகோதரிகளே! பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது.

எங்கள் ஊர் அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர், காடவர், ஹொய்சளர், விஜயநகரத்தார் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-ல் இவற்றைப் புத்தகமாகவே போட்டிருக்கிறது. இப்படி அச்சான கல்வெட்டுகளைப் படித்து அரசன், வருஷம், ஊர், கொடுத்தவர், கொடுத்த பொருள் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும்.

வருஷமே பெரிய பாடு. ‘ராஜராஜனுக்கு யாண்டு 10’ என்றுதான் கல்லில் இருக்கும். அவன் பட்டமேறியது 985-ல். அந்த வருஷத்தையும் சேர்த்து எண்ணினால் 994-95. சிலவற்றில் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருக்கும். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட பட்டம் அது. எந்த அரசன் என்று தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடணும். ஊகித்து நிரப்பினால், பின்னால் வருகிறவர்கள் நிஜமென்று நம்பிவிடுவார்கள்.

பொருள் கணக்கு எனக்குப் பிடித்தது. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுப்பது வழக்கம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடு போனாலும் குட்டி வந்து எண்ணிக்கை குறையாது. அதற்குத் தினம் உழக்கு நெய் அளக்கணும். நம் வீட்டுப் பால் கணக்கை விடக் கறார்!

ஒருநாள் கேட்டாள்: “சித்தி, ‘கொடுத்தவர்’ கட்டத்துல ஒரு பேருக்குத்தான் இடம். ‘இன்னார் அகமுடையாள் இன்னாள்’னு இருந்தா எதைப் போடறது?”

அகமுடையாள் என்றால் மனைவி. மாமி வீட்டில் சொல்லும் ‘ஆம்படையாள்’ இதிலிருந்து வந்ததுதான். கல்லில் முதலில் வருவது புருஷன் பெயர். அவசரத்தில் அதையே ஏற்றிவிட்டால் ஆடு கொடுத்தவள் காணாமல் போவாள். ‘பெண்கள் செய்த தானம்’ என்று நாளைக்கு ஒருவர் தேடினால் அவள் வரமாட்டாள். ஆயிரம் வருஷம் கல்லில் இருந்தவள்!

செம்பியன் மாதேவி எத்தனை கோயில்களைக் கற்றளியாக்கியவர்! அவரையே கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனைத் திருவயிறு வாய்த்தவர் என்றுதான் கல் அறிமுகம் செய்கிறது. சாதாரண வீட்டுப் பெண் எம்மாத்திரம்?

பேராசிரியைக்கு எழுதிக் கேட்டாள். ‘ஆணா பெண்ணா’, ‘யாருக்கு என்ன உறவு’ என்று இரண்டு கட்டம் கூடுதலாக வந்தன. ஏற்கனவே ஏற்றிய வரிசைகளை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். நாலு நாள் ஆச்சு. பார்த்த எனக்கே கண் வலித்தது.

இந்த வேலை புதிதல்ல. ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா, நம் எ. சுப்பராயலு, மட்சுயி மூவரும் கம்ப்யூட்டர் துணையோடு தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயர் அகராதி, 1978-லேயே மதுரையில் மூன்று பாகமாக வெளிவந்தது. கனடாவின் லெஸ்லி ஓர், கல்வெட்டுகளில் வரும் கோயில் பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்து 2000-ல் ஒரு புத்தகமே எழுதினார். பெயர்களைப் பிரித்து எழுதிவைத்தால்தானே அப்படி எண்ண முடியும்?

“இதுக்கெல்லாம் உத்தியோகம் கிடைக்குமா?” என்று அக்கா போனில் கேட்டபடியே இருந்தாள். கிடைக்குமோ என்னவோ, பெண் மெனக்கெடுகிறாள், அது போதும் என்றேன்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஆசையிருந்தால், முதலில் பழைய தமிழ் எண்களைப் பழகச் சொல்லுங்கள். ௯௰௬ என்றால் 96. நடுவில் இருப்பது பத்து.