"இழுப்பு" என்னும் ஒரு சொல்

நிலையியற் கட்டளை என்றவுடன் இந்நாட்டு வாசகருக்குப் பாராளுமன்றமே நினைவுக்கு வரும். மருத்துவத் துறையிலும் அப்பெயருக்குரிய ஓர் ஏடு உண்டு. இன்ன குறி தோன்றினால் இன்னது செய்க, இன்ன மருந்தை இன்ன அளவிற் கொடுக்க, இன்ன நிலை வந்தால் வைத்தியசாலைக்கு அனுப்புக என்று வைத்தியர் முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டுத் தாதியிடம் ஒப்படைப்பது அது. தாதி தம் எண்ணப்படி மருந்து கொடுத்தல் ஆகாது. வைத்தியரைத் தேடிப் பிடிக்கும்வரை ஒரு பிள்ளை மூச்சுத் திணறிக் கிடத்தலும் ஆகாதன்றோ?

இலங்கையின் முதற் சாரணர் படை 1912இல் மாத்தளைக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிலேயே தோன்றியது. ஆதலின் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாசறை புதிதன்று. ஹந்தானை மலையின் பேராதனைப் பக்கச் சரிவில், ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் நடந்த மாணவர் பாசறைக்கு, இளைப்பாறிய தாதியொருவர் பொறுப்பேற்றிருந்தார். வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த கட்டளைகளைத் தமிழாக்கும் பணி எனக்கு வாய்த்தது. தாதிக்கு ஆங்கிலமே போதும். இரவிற் கூடாரந்தோறும் காவலிருக்கும் ஆசிரியர்க்கும், பிள்ளையின் உடல்நிலைத் தாளை நிரப்பும் பெற்றோர்க்கும் அது போதாது.

அத்தாள்களுள் ஒன்றில், "இழுப்பு உண்டு" என்று தோட்டத்துத் தாயொருத்தி எழுதியிருந்தாள். மூச்சிரைப்பையும் இழுப்பு என்பர்; கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பையும் இழுப்பு என்பர். வைத்தியரின் ஏட்டிலோ இவ்விரண்டும் வெவ்வேறு பக்கங்கள். மூச்சிரைப்பாயின் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, நீலநிறச் சல்பியுற்றமோல் உறிஞ்சியை இடைக்குழாயுடன் பொருத்தி, ஒவ்வோர் அமுக்காகப் பத்துவரை கொடுக்கலாம். தணியாவிடின் உடனே வைத்தியசாலை. வலிப்பாயின் ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் ஒன்றும் வையாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தில் நில்லாவிடின் அம்புலன்ஸை அழைக்க வேண்டும். கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் நம்மவர் வழக்கத்தை வேண்டாமென்று ஒரு வரி தனியே எழுதினேன். அதை எழுதாது விட்டால் எந்தக் கூடாரத்திலாவது ஒரு திறப்பு வெளிவரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தாதி அத்தாயைத் தொலைபேசியில் அழைத்தார். "மூச்சிழுப்புத்தாங்க மிஸ், பனி பட்டா வரும்" என்று விடை வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவரொருவர் தம் மகனுக்குத் "தொய்வு" என்று எழுதியிருந்தார். அதன் பொருள் மலைநாட்டு ஆசிரியர் இருவருக்கு விளங்கவில்லை. ஆகவே நோயின் பெயரைக் கேட்பதை விட்டோம். மூச்சு விடும்போது சீழ்க்கை போல ஒலி எழுமா, நினைவிழந்து கைகால் வெட்டியதுண்டா, அப்போது என்ன மருந்து கொடுத்தீர்கள் என்ற மூன்று வினாக்களைத் தாளிற் சேர்த்தோம்.

"மயக்கம்" இதனினும் பொல்லாதது. தலைச்சுற்று, உறக்கச் சோர்வு, நினைவிழப்பு ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல் தாங்கி நிற்கிறது. தட்டி அழைத்தால் விழிக்கிறானா என்ற வினாவையே அதற்குப் பதிலாக வைத்தேன்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தவர். மருத்துவ நூல்களைத் தமிழிற் கொணர்ந்தவர். அவர் தொடங்கி வைத்த கலைச்சொற் பணி போற்றத்தக்கது. எனினும் அச்சொற்கள் மாணாக்க வைத்தியர்க்கானவை. நள்ளிரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கணித ஆசிரியருக்கு வேண்டியது வேறு தமிழ்.

"வேளை" என்னும் சொல்லையும் நீக்கினேன். மூன்று வேளை என்றால் நம்மவர் உணவு வேளையையே கொள்வர். பாசறையிலோ பகலுணவு 1 மணிக்கு, தேநீர் 4 மணிக்கு, இரவுணவு 7 மணிக்கு. ஆறு மணி நேரத்துள் மூன்று தடவை மருந்து உட்சென்றுவிடும்! பரசிற்றமோல், உடல்நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேலில்லை. கொடுத்த நேரத்தைக் கொடுத்தவரே எழுதுக. டெங்கு நுளம்பு உலவும் நாட்டிற் காய்ச்சலுக்கு இபுபுரோபனும் அஸ்பிரினும் பெட்டியிலேயே இருத்தலாகாது என்று வைத்தியர் அடிக்கோடிட்டிருந்தார். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி, ஒரு பொட்டலத்துக்கு ஒரு லீற்றர் நீர். அட்டைக்கடிக்கு விரிவுரை வேண்டியதில்லை. மலைநாட்டுப் பிள்ளைகள் நமக்கே கற்பிப்பர்.

தேயிலைப் பக்கம் உண்மையில் அஞ்சத்தக்கது குளவி. கொட்டியபின் உதடு வீங்கி, மூச்சு முட்டி, உடல் தளர்ந்தால், வைத்தியர் நிறைக்கேற்பக் குறித்த அதிரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையிலே தாதி ஏற்ற வேண்டும். பிள்ளை தேறியது போலத் தோன்றினும் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். எசல பெரஹெரா இரவுகளிற் கண்டி நகர வீதிகள் மூடப்படுமாதலால், நகருட் புகாது பேராதனை வைத்தியசாலைக்கு இறங்கும் வழியை ஏட்டின் முதற்பக்கத்திலேயே வரைந்தோம்.

ஒன்று மட்டும் எஞ்சியது. பாசறை இருக்குமிடத்தைச் சிங்களத்திற் சொல்ல எல்லா ஆசிரியராலும் இயலாது. தாதி கேட்டதற்கிணங்க, சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைக் கொண்டு மூன்று வாக்கியங்கள் எழுதுவித்து, அவற்றைத் தமிழெழுத்திற் பெயர்த்து மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டினேன்.