எந்தச் சக்கரம் முனகுகிறது?

1997இல் அப்பா வாங்கிய மாருதி 800ஐ இப்போது நான் ஓட்டுகிறேன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாடல் அது. 796 சிசி இன்ஜின், சுமார் 650 கிலோ எடை, 12 அங்குலச் சக்கரம். சத்தத்தை அடக்கும் மெத்தைகள் குறைவு என்பதால் வண்டிக்கு என்ன கோளாறு வந்தாலும் காதுக்குத்தான் முதலில் தெரியும். அந்தச் சத்தங்களில் பலரை அநியாயமாகச் செலவு செய்ய வைப்பது வீல் பேரிங்கின் சத்தம். டயரை மாற்றுவார்கள், அலைன்மென்ட் பார்ப்பார்கள், உறுமல் மட்டும் போகாது. வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே எந்தச் சக்கரம் என்று கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

தேயத் தொடங்கிய பேரிங் சுமார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வாய் திறக்கும். வேகம் கூடக் கூட உறுமலும் ஏறும். முதலில் இன்ஜினைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். "கியரை எடுத்துட்டு நியூட்ரல்ல உருள விடுங்கக்கா. அப்பவும் சத்தம் கூடவே வந்தா இன்ஜினுக்கு சம்பந்தமே இல்ல" என்பார் எங்கள் மெக்கானிக். காலியான சாலையில்தான் இதைச் செய்ய வேண்டும். சாவியை அணைக்கக் கூடாது. அடுத்தது டயர். தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது டயரின் இரைச்சல் மாறும்; பேரிங்கின் உறுமல் பெரும்பாலும் மாறாது.

பிறகு பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி நீண்ட வளைவுகள் உள்ள இடம் இதற்கு வசதி. வலப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் பழுது பெரும்பாலும் இடப்பக்கம். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் "டக் டக்" என்று கேட்டால் அது பேரிங் இல்லை. ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் விழுந்த சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுபோனால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் போன்ற வேறு இணைப்பு. ஆட்டமே இல்லாமலும் பேரிங் கெட்டிருக்கலாம். அதற்குச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மறு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு ஓடும். கெட்டது அம்மியில் கொத்தமல்லி அரைபடுவது போல விரலுக்குத் தெரியும்.

உருளும் உருண்டைகளைக் கொண்டு வண்டியின் அச்சைத் தாங்கலாம் என்று வேல்ஸ் நாட்டு இரும்பாலை உரிமையாளர் பிலிப் வான் 1794இலேயே காப்புரிமை பெற்றார். இன்றும் கருத்து அதேதான்: ஓர் உள் வளையம், ஒரு வெளி வளையம், நடுவே எஃகு உருண்டைகள், அவற்றை இடைவெளி விட்டுப் பிடிக்கும் கூண்டு. ஒவ்வோர் உருண்டையும் வளையத்தைத் தொடுவது மிகச் சிறிய இடத்தில். வண்டியின் எடை முழுக்க அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் சாலைக்கு இறங்குகிறது. அங்கே ஒரு துகள் மண்ணோ ஒரு சொட்டு நீரோ புகுந்தால் கண்ணாடி போன்ற பரப்பு பொத்தலாகி உரிய ஆரம்பிக்கும். சென்னை மழையில் முழங்கால் நீரில் வண்டி ஓட்டும்போது ஆயில் சீல் சரியில்லை என்றால் இதுதான் நடக்கும். கவனிக்காமல் விட்டால் ஆட்டம் பெருகும், பிரேக் டிஸ்க் தள்ளாடும், கடைசியில் சக்கரமே இறுகவோ கழலவோ கூடும்.

மாற்றும் வேலையில்தான் என் பிடிவாதம் எல்லாம். மாருதி 800இன் முன்சக்கரத்தில், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் இரண்டு பேரிங்குகள், நடுவே ஒரு ஸ்பேசர். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், சீலும் ஸ்பிளிட் பின்னும் புதிதாக. பேரிங் நக்கிளுக்குள் இறுக்கமாக உட்காரும். அதை உள்ளே தள்ளும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். பிறகு சக்கரம் பூட்டும் ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் எதை மாற்றிச் செய்தாலும் விசை உருண்டைகள் வழியாகப் பாய்ந்து, வளையத்தில் குழி விழும். புத்தம்புதுப் பேரிங் சில வாரங்களிலேயே உறும இதுவே போதும். ஆகவே சுத்தியலால் அடித்து ஏற்றும் இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். நக்கிளைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நீங்களும் உடன் போங்கள். கிரீஸ் வழிய வழியத் திணிப்பதும் தவறு, அதிகமானால் சூடேறும். ஆக்ஸில் நட்டை டார்க் ரென்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். நட்டை முறுக்காமல் வண்டியை ஓரடிகூட நகர்த்தக் கூடாது.

புதுப் பேரிங்கை ரசீதுடன் வாங்குங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பழைய மாருதிக்கும் புதுப் பேரிங் கிடைக்கிறது. புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் எவ்வளவோ வாங்கலாம், பேரிங்கை மட்டும் வாங்காதீர்கள். ஒருமுறை இழுத்துக் கழற்றிய பேரிங் அந்த இழுப்பிலேயே அடிபட்டிருக்கும்.

கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கித் துடைத்துப் பாருங்கள். துரு இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. சீல் உட்காரும் இடத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீலம் பாரித்திருந்தால் சூடு. கிரீஸையும் நட்டின் இறுக்கத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். உருண்டைகள் இருந்த இடைவெளியிலேயே வரிசையாகக் குழிகள் தெரிந்தால் அடி விழுந்திருக்கிறது: ஒன்று சாலைப் பள்ளம், இல்லையென்றால் சுத்தியல். சமீபத்தில் மாற்றிய பேரிங்கில் அந்தக் குழிகளைக் கண்டால் பேரிங் கம்பெனியைத் திட்டாதீர்கள், பட்டறையை மாற்றுங்கள்.