குடும்பத்துக்கும் சுமைக்கும் ஒரே வாகனம்: எஸ்ரேற் கார் ஏன் இன்னும் நிலைக்கின்றது?

பார்க்கிங் என்ற ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினால், வாகனம் தரிக்கும் இடம் என்றே பலரும் பொருள் கொள்வர். கிழக்கு இலண்டனிலுள்ள இவ்வூரில் எம்மவர் வாழும் தெருக்களைப் பார்க்குமிடத்து அப்பொருளும் பிழையென்று சொல்வதற்கில்லை. வாசல்தோறும் கார்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றிடையே கூரை பின்புறம் வரை நீண்டு, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் கார்களையும் காணலாம். முன்னே கணவன் மனைவி, நடுவே பிள்ளைகளும் அம்மம்மாவும், பின்னே அரிசி மூட்டையும் மரக்கறிப் பெட்டியும் தள்ளுவண்டியும் என ஒரு குடும்பத்தின் சனிக்கிழமை முழுவதையும் சுமப்பவை இவையே. இந்நாட்டவர் இதனை எஸ்ரேற் கார் என்பர். அமெரிக்கர் ஸ்ரேசன் வாகன் என்பர். எமது ஊரில் சுருக்கமாக 'வாகன்' என்றோம்.

இவ்வகைக் கார்களின் காலம் முடிந்துவிட்டது என்று கடந்த பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகின்றது. உயரமான ஜீப் வடிவக் கார்களையே விளம்பரங்கள் முன்னிறுத்துகின்றன. ஆயினும் வருமானம் அளவானதாகவும் குடும்பம் பெரியதாகவும் உள்ள வீடுகளின் கணக்கு வேறு. அதிலும் 2023ஆம் ஆண்டு இலண்டன் முழுவதும் புகைக் கட்டணம் நடைமுறைக்கு வந்தபின், பழைய டீசல் எஸ்ரேற்றைக் கைவிட்டு வேறு எதனை வாங்குவது என்ற கேள்வி எம்மவர் பலரின் முன் எழுந்தது. அக்கேள்விக்கு விடை காண உதவும் விடயங்களை இங்கு நோக்குவோம்.

பெயரும் பிறப்பும்

எஸ்ரேற் என்றவுடன் எமக்கு நினைவுக்கு வருவது மலையகத் தேயிலைத் தோட்டமே. காரின் பெயரும் அத்தகையதொரு பொருளிலேயே பிறந்தது. பிரித்தானியச் செல்வந்தர் தமது பெருநிலங்களில் வேட்டைக்குச் செல்லவும், விருந்தினரையும் நாய்களையும் பொதிகளையும் ஏற்றவும் மரத்தாலான பின்னுடல் பொருத்திய வண்டிகளை வைத்திருந்தனர். அமெரிக்காவிலோ றெயில் நிலையத்தில் இறங்குவோரையும் அவர்களது பெட்டிகளையும் ஏற்றிச் சென்ற வண்டியே ஸ்ரேசன் வாகன் ஆயிற்று. போர்ட் நிறுவனம் தனது 'மொடல் ஏ' காரை 1929இல் இவ்வடிவத்தில் விற்கத் தொடங்கியது. நிலவுடைமையாளரின் வண்டி சிறிது சிறிதாக நிலமில்லாதவரின் வண்டியாக மாறியது.

மொறிஸ் மைனர் காரின் 'ட்ரவலர்' என்ற எஸ்ரேற் வடிவம் 1953 முதல் 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. அதன் பின்னுடலைத் தாங்கிய மரச்சட்டம் வெளியே தெரியும்படி அமைந்திருந்தது. யாழ்ப்பாணத்து வாடகைக் கார் தரிப்பிடங்களில் மொறிஸ், ஒஸ்ரின் கார்களைக் கண்டு வளர்ந்தோருக்கு இக்குடும்பம் புதிதன்று. பின்னர் யப்பானியக் கார்கள் வந்தபோது, ரொயோட்டா கொறோலாவின் 'டி.எக்ஸ். வாகன்' இலங்கை முழுவதும் பெயர் பெற்றது. திருமண வீட்டுக்கும் கடைச் சாமானுக்கும் அந்த ஒரே வண்டி போதுமானதாக இருந்தது.

1990இன் பின் வடக்கின் மீது எரிபொருள் தடை விதிக்கப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெய்யில் ஓட்டப்பட்டவையும் அந்தப் பழைய கார்களே. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இரவில், சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏற்ற முடிந்ததே பல குடும்பங்களுக்கு மிஞ்சிய உடைமை. வண்டியில் எவ்வளவு இடம் உண்டு என்பதை முதலில் பார்க்கும் பழக்கம் எம்மவருக்கு விளம்பரத்தால் வந்ததன்று.

டகனத்தின் அயலில்

பார்க்கிங், 1965 முதல் அயலூரான டகனத்துடன் இணைந்த ஒரே மாநகரப் பிரிவாகும். டகனத்தில் தேம்ஸ் நதிக்கரையில் போர்ட் நிறுவனம் அமைத்த பெருந்தொழிற்சாலையிலிருந்து 1931 ஒக்டோபரில் முதல் வண்டி வெளிவந்தது. 1962 முதல் 1982 வரை கோர்ட்டினாவும், அதன்பின் 1990 வரை சியராவும் அங்கு உருவாகின. இரண்டுமே எஸ்ரேற் வடிவிலும் விற்கப்பட்டவை. 2002இல் டகனத்தில் கார் பொருத்தும் வேலை நின்றது. அதன்பின் அங்கு டீசல் இயந்திரங்களே தயாராயின.

1983இன் பின் கிழக்கு இலண்டனுக்கு ஏதிலிகளாக வந்த எம்மவர் பலர் பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை செய்தனர். பின்னர் சிறு கடைகளை நடத்தினர். லேற்றனில் 1991 முதல் இயங்கும் நியூ ஸ்பிற்றல்பீல்ட்ஸ் மரக்கறிச் சந்தைக்கும், பில்லிங்ஸ்கேற் மீன் சந்தைக்கும் விடியுமுன் செல்வது கடைக்காரர் வாழ்வின் ஒரு பகுதியானது. வான் ஒன்றும் கார் ஒன்றும் என இரண்டுக்கு வரியும் காப்புறுதியும் கட்ட இயலாதோர்க்கு எஸ்ரேற் கைகொடுத்தது. அதிகாலையில் வெங்காயப் பெட்டி ஏற்றிய அதே வண்டி, எட்டரை மணிக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியது.

இவ்வழி எமக்கு மட்டும் உரியதன்று. மூன்று வரிசை இருக்கைகளுடன் வந்த பேஜோ 504, மேற்கு ஆபிரிக்காவில் ஊர்விட்டு ஊர் செல்லும் வாடகை வண்டியாகப் பெயர் பெற்றது. 1974 முதல் 1993 வரை உற்பத்தியான வொல்வோ 240 வரிசையின் எஸ்ரேற்றில், பின்புறம் நோக்கி அமரும் சிறுவர் இருக்கைகளையும் பொருத்த முடிந்தது. பிரித்தானிய நெடுஞ்சாலைப் பொலிசாரும் வொல்வோ எஸ்ரேற்றை நீண்ட காலம் பயன்படுத்தினர். வேகமும் இடமும் ஒருங்கே வேண்டியிருந்தமையே காரணம்.

வடிவத்தின் நன்மை

எஸ்ரேற் சாதாரண காரின் அடித்தளத்திலேயே அமைகின்றது. உயரம் குறைவாதலால் காற்றின் எதிர்ப்பும் குறைவு. ஆகவே அதே அளவு இடமுள்ள உயரமான காரைவிடப் பொதுவாக எரிபொருள் குறைவாகவே செலவாகும். எடை நிலத்துக்கு அண்மையில் இருப்பதால் வளைவுகளில் சாய்வதும் குறைவு. பின்தளம் தாழ்வாக இருப்பதால் 20 கிலோ அரிசி மூட்டையை மார்பளவுக்குத் தூக்க வேண்டியதில்லை. முதுகு நோவுள்ளோர்க்கு இதன் அருமை புரியும். பின்னிருக்கையை மடித்தால் கட்டிலின் சட்டமும் குளிர்சாதனப் பெட்டியும் கூட உள்ளே செல்லும். அறை மாறி அறை மாறி வாழ்ந்தோர் பலர் வீடு பெயர்ந்தது இவ்வகைக் காரிலேயே.

எனினும் இடம் உண்டு என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றிவிட முடியாது. ஒரு காருக்கு 500 கிலோ ஏற்றலாம் என வைத்துக்கொள்வோம். தலா 75 கிலோ எடையுள்ள ஐவர் அமர்ந்தால் 375 கிலோ போய்விடும். மிஞ்சுவது 125 கிலோ. அதாவது ஆறு அரிசி மூட்டைகள் மட்டுமே. பாரமானவற்றைத் தாழ்வாக, பின்னிருக்கையின் முதுகுடன் ஒட்டி வைத்துக் கட்ட வேண்டும். கட்டாத மூட்டை திடீர்த் தடுப்பின்போது முன்னே பாய்வது பிள்ளைகளின் தலையை நோக்கியே. முழுச்சுமையுடன் செல்லும்போது ரயர்களுக்குக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. அந்த அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ குறிக்கப்பட்டிருக்கும்.

இழுப்பதற்கு முன்

கோயில் திருவிழாக் காலத்தில் அன்னதானப் பாத்திரங்கள், சந்தைக் கடைக்கான கூடாரம், வீடு மாறும்போது தளபாடங்கள் எனச் சிறிய இழுவைப் பெட்டி தேவைப்படும் வேளைகள் உண்டு. இழுப்பதற்கும் எஸ்ரேற் ஏற்றதே. நீண்ட அச்சிடைத் தூரமும் போதிய எடையும் தாழ்ந்த உடலும் வண்டியை நிலையாக வைத்திருக்கும்.

சட்டம் இங்கு மாறியுள்ளது. 1997 சனவரி 1ஆம் திகதிக்குப் பின் சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்தோர் பெரிய பெட்டியை இழுப்பதற்குத் தனிப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது நீக்கப்பட்டது. சாதாரண கார் உரிமம் உள்ளவர் 3,500 கிலோ வரையான பெட்டியை இழுக்கலாம். ஆனால் உரிமம் தரும் எல்லை வேறு, கார் தாங்கும் எல்லை வேறு. காரின் அடையாளத் தகட்டில் எடைகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, சுமையுடன் கார் கொள்ளக்கூடிய மொத்த எடை. இரண்டாவது, காரும் பெட்டியும் சேர்ந்த மொத்த எடை. இரண்டாவது எண் இல்லையெனில் அக்கார் எதையும் இழுக்கலாகாது. கலப்பின மற்றும் மின்சாரக் கார்களை வாங்குவோர் இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தடுப்பு இல்லாத பெட்டியானால் 750 கிலோ அல்லது காரின் வெற்று எடையின் அரைவாசி, இவற்றுள் எது குறைவோ அதுவே எல்லை. 1,400 கிலோ எடையுள்ள காருக்கு இது 700 கிலோ. பெட்டியின் பின்புறத்தில் காரின் பதிவிலக்கத் தகடு இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல், சாதாரண ஒற்றைச் சாலையில் 50 மைல் என்பதே உச்ச வேகம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்களுள்ள நெடுஞ்சாலையில் வலது கோடித் தடத்தில் செல்லக்கூடாது. பெட்டி பாம்புபோல் ஆடத் தொடங்கினால் பதற்றத்தில் தடுப்பை அழுத்தாமல், வேகமூட்டியிலிருந்து காலை மெல்ல எடுத்து வேகத்தைத் தணிக்க வேண்டும்.

புதிதாக வந்தோர் ஒன்றை மறத்தலாகாது. இலங்கைச் சாரதி உரிமத்துடன் இங்கு குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே கார் ஓட்டலாம். அதனை இந்நாட்டு உரிமமாக நேரடியாக மாற்ற முடியாது. பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

வட்டச் சாலையின் இரு புறமும்

பார்க்கிங்குக்கும் ஈஸ்ற்ஹாமுக்கும் இடையே வட வட்டச் சாலை செல்கின்றது. 2021 ஒக்டோபர் 25 அன்று புகைக் கட்டண வலயம் அச்சாலை வரை விரிந்தபோது பார்க்கிங் வெளியே நின்றது. ஈஸ்ற்ஹாமும், முருகன் கோயில் அமைந்துள்ள மனர்பார்க்கும் உள்ளே சென்றன. பழைய டீசல் எஸ்ரேற் வைத்திருந்தவர் சாமான் வாங்கச் சென்றாலும் சாமி கும்பிடச் சென்றாலும் நாளொன்றுக்கு 12 பவுண் 50 பென்ஸ் செலுத்த வேண்டியிருந்தது. 2023 ஓகஸ்ட் 29 அன்று இலண்டன் முழுவதும் வலயத்துள் வந்தது. அதன்பின் வீட்டு வாசலை விட்டு நகர்ந்தாலே கட்டணம்.

வாரம் ஆறு நாள் ஓடும் கடைக்காரருக்கு இது 75 பவுண். ஆண்டுக்கு 3,900 பவுண். பல பழைய கார்களின் விலையே அவ்வளவு இராது. நாட்கணக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்பதால், இரவு பதினொன்றரைக்குச் சந்தைக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குத் திரும்பியவர் இரு நாட்களுக்குச் செலுத்த வேண்டும். பழைய காரை ஒப்படைப்போருக்கு 2,000 பவுண் வழங்கிய உதவித் திட்டமும் 2024 செப்டெம்பரில் மூடப்பட்டது.

பொதுவாக 2006 முதல் பதிவான பெற்றோல் கார்களும், 2015 செப்டெம்பர் முதல் பதிவான டீசல் கார்களும் கட்டணத்துக்கு உட்படா. ஆண்டை மட்டும் நம்பாது, பதிவிலக்கத்தைக் கொண்டு இலண்டன் போக்குவரத்து நிறுவனத்திடம் உறுதிப்படுத்திய பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும்.

இனி வாங்குவோர்க்கு

போர்ட் மொண்டியோ 2022இல் நிறுத்தப்பட்டது. வொல்வோ 2023இல் தனது எஸ்ரேற் கார்களைப் பிரித்தானிய விற்பனையிலிருந்து விலக்கியது. ஆனால் அடுத்த ஆண்டே அவற்றுள் இரண்டை மீண்டும் கொண்டுவந்தது. வாங்குவோர் இருந்தமையே அதன் காரணம். ஸ்கோடா ஒக்ரேவியாவும் வொக்ஸ்வாகன் பசாற்றும் பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஊரில் 'டி.எக்ஸ். வாகன்' ஓட்டியோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் உண்டு: கொறோலாவின் கலப்பின எஸ்ரேற் 2019 முதல் இந்நாட்டின் டார்பிசயரிலேயே உற்பத்தியாகி வந்துள்ளது. 2020இல் எம்.ஜி. நிறுவனம் மின்சார எஸ்ரேற் ஒன்றையும் இங்கு அறிமுகம் செய்தது.

காப்புறுதி விடயத்தில் சிக்கனம் பேராபத்து. சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்த காப்புறுதி, கடைச் சாமான் ஏற்றுவதையோ கூலிக்கு ஆள் ஏற்றுவதையோ உள்ளடக்காது. காப்புறுதி இல்லையெனக் கண்டால் பொலிசார் காரைப் பறிமுதல் செய்யலாம். 300 பவுண் தண்டமும் உரிமத்தில் 6 புள்ளிகளும் விழும். குடியுரிமை விண்ணப்பத்தில் தண்டனைகளைக் குறிப்பிட வேண்டியிருப்பதால், வழக்கை எதிர்நோக்கி நிற்கும் எம்மவருக்கு இது வெறும் போக்குவரத்து விடயமன்று.

ஆகவே வாங்கச் செல்லும்போது தள்ளுவண்டியைக் கூடவே கொண்டு செல்லுங்கள், பின்தளத்தில் வைத்துப் பாருங்கள். சிறுவர் இருக்கை மூன்றையும் நடுவரிசையில் பொருத்திப் பாருங்கள். அரசின் இலவசச் சேவையில் எம்.ஓ.ரி. சோதனை வரலாற்றையும் ஓடிய மைல்களையும் ஒப்பிடுங்கள். எடைத் தகட்டை வாசியுங்கள். அயலவர் வாசலில் நிற்கும் உயரமான காரைப் பார்த்து முடிவெடுக்காது, உங்கள் வீட்டில் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை மூட்டை என்று எண்ணி முடிவெடுங்கள். அவ்வாறு எண்ணுவோர் இருக்கும்வரை எஸ்ரேற் காருக்கும் எமது தெருக்களில் இடமிருக்கும்.