வியாழன் இரவு பதினோரு மணி

போன சனிக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்சில் ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. மேசையில் நான்கு இளைஞர்கள். இரண்டு பேர் தமிழர்கள், ஒரு சீனப் பையன், ஒரு மலாய்ப் பையன். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து ஒரே சத்தம். பக்கத்து மேசைக்காரர் அரசியல் பேசுகிறார்கள் என்றே நினைத்திருப்பார். மாநிலத் தேர்தல் நேரம் வேறு. ஆனால் சண்டை அதைப் பற்றி அல்ல.

"மாமா, நீங்களே சொல்லுங்க. இப்பவே வாங்கிடலாமா, இல்ல ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாமா?" என்றான் என் அக்கா மகன்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டைப் பற்றி. வரும் வியாழக்கிழமை, 2023 ஆகஸ்டு 3, நம் நேரப்படி இரவு 11 மணிக்கு வெளியாகிறது. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டும். முதலில் ஆகஸ்டு 31 என்றுதான் அறிவித்திருந்தார்கள். நம் தேசிய தின விடுமுறை, சௌகரியமாக இருந்திருக்கும். ஜூன் கடைசியில் திடீரென்று நான்கு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். ஸ்டார்ஃபீல்டு என்ற இன்னொரு பெரிய விளையாட்டு செப்டம்பர் 6இல் வருகிறது, அதன் காலடியில் மாட்டிக்கொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். தீபாவளிக்கு இரண்டு பெரிய நடிகர் படம் மோதினால் ஒருவர் ஒரு வாரம் தள்ளிப்போவாரே, அந்தக் கணக்குதான்.

விளையாட்டு என்றதும் சுட்டுக்கொண்டே ஓடுவது என்று நினைக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். இது கதாபாத்திரமாக வாழும் வகை. மந்திரவாதியாகவோ திருடனாகவோ போர்வீரனாகவோ நாமே ஓர் ஆளை உருவாக்கி, ஒரு மாய உலகத்தில் இறக்கிவிட வேண்டும். அங்கே என்ன செய்தாலும் பகடைதான் தீர்ப்பு. பூட்டைத் திறக்க, காவலாளியிடம் பொய் சொல்ல, பேயிடம் சமாதானம் பேச, எல்லாவற்றுக்கும் 20 முகம் கொண்ட ஒரு பகடையை உருட்ட வேண்டும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்து வந்த முறை இது. நம் பாட்டிமார் ஐந்தடியில் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம். நமக்கு ஒன்று விழுந்தால் தாயம், கொண்டாட்டம். இதில் ஒன்று விழுந்தால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் அவுட்.

என் கதைக்கு வருகிறேன். 1999இல் நான் கிள்ளானில் படிவம் நான்கு மாணவன். பால்டர்ஸ் கேட் முதல் பாகம் அதற்கு முந்தைய டிசம்பரில்தான் வந்திருந்தது. கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்தது. ஐந்து குறுந்தட்டுகள். அசல் பெட்டியின் விலையை விசாரித்துவிட்டு நானும் என் கூட்டாளியும் சத்தமில்லாமல் திரும்பிவிட்டோம். பிறகு கொமுட்டர் ஏறி கோலாலம்பூர் போய், பஸ் பிடித்து, இம்பி பக்கம் ஒரு கடையில் தட்டு பத்து வெள்ளி என்று ஐம்பது வெள்ளிக்கு வாங்கினோம். ஆம், திருட்டுப் பிரதிதான். அந்தக் காலத்தில் அதில் வெட்கப்படத் தெரியாது, இப்போது தெரிகிறது. ஆளுக்கு இருபத்தைந்து. இரண்டு மாதம் ரெசஸில் பசியோடு இருந்து சேர்த்த காசு.

மூன்று மாதம் விளையாடினோம். காடு, சுரங்கம், ஓநாய், கொள்ளைக்காரர்கள். விளையாட்டுக்கே அந்த நகரத்தின் பெயர்தான், ஆனால் கதையில் பாதிக்கு மேல் போகும்வரை நகரத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். ஒருநாள் மாலை ஒருவழியாகப் பாலத்தைக் கடந்தோம். கணினி தட்டை மாற்றச் சொன்னது. மாற்றினோம். அந்தத் தட்டில் கீறல். பற்பசை தடவித் துடைத்தோம், வாழைப்பழத் தோலால் தேய்த்தோம், யார் யாரோ சொன்ன வைத்தியம் எல்லாம் செய்தோம். ஒன்றும் ஆகவில்லை. கடைக்குத் திரும்பப் போனால், கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எஸ்பிஎம், வேலை, கல்யாணம். இரண்டாம் பாகம் 2000இல் வந்தது, அது வேறு ஊரில் நடக்கும் கதை. அந்த நகரத்துக்குள் நான் இன்றுவரை கால் வைத்ததில்லை. இருபத்து நான்கு வருடம்.

ஆகவே என் அக்கா மகன் "மாமா, வாங்கலாமா?" என்று கேட்டபோது நான் நடுநிலையான ஆள் இல்லை. இருந்தும் "பொறு" என்றுதான் சொன்னேன்.

ஏன் என்றால், சூடு பட்ட துறை இது. மூன்றாண்டுகளுக்கு முன் சைபர்பங்க் 2077க்கு இருந்த எதிர்பார்ப்பு நினைவிருக்கிறதா? விட்சர் 3 என்ற அருமையான படைப்பைக் கொடுத்த போலந்து நிறுவனம். 2020 டிசம்பர் 10இல் வெளியானது. பழைய பிளேஸ்டேஷனில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி கடைக்கு வர ஆறு மாதம் ஆனது. அவ்வளவு தூரம் போவானேன், இந்த மே மாதம் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையில் வரும் கொல்லமை வைத்து ஒரு விளையாட்டு வந்தது. வெளியான மறுநாளே செய்தவர்கள் மன்னிப்புக் கடிதம் போட்டார்கள். ஜூலை தொடக்கத்தில் அந்த ஜெர்மன் நிறுவனம் சொந்தமாக விளையாட்டு உருவாக்குவதையே விட்டுவிட்டதாகச் செய்தி.

பால்டர்ஸ் கேட் 3ஐச் செய்வது பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம். தலைவர் ஸ்வென் விங்க, மேடையில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு வந்து நிற்கும் ஆள். இவர்களிடம் நம்பிக்கை வைக்கக் காரணம் உண்டு. 2020 அக்டோபர் 6ஆம் தேதியே முதல் பகுதியை மட்டும் விற்பனைக்கு விட்டு, கிட்டத்தட்ட மூன்று வருடம் மக்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தி வந்திருக்கிறார்கள். ஒரு முறை காசு கொடுத்தால் போதும், உள்ளே கடை விரித்து ஆடை, ஆயுதம் என்று மறுபடி பணம் பிடுங்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஜூனில் வந்த டியாப்லோ 4 முழு விலையும் வாங்கிக்கொண்டு, உள்ளே அலங்காரக் கடையும் வைத்திருக்கிறது. அதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் என் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. மக்கள் பார்த்துச் சொன்னது முதல் பகுதியை மட்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் வெளியாட்கள் சோதித்ததில்லை. இதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டு டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2. 2017 செப்டம்பரில் வந்தபோது ஆரம்பம் பிரமாதம், கடைசி நகரம் வந்ததும் தொய்வு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருத்திய பதிப்பு ஒன்றை வெளியிட்டுத்தான் அந்தக் கடைசிப் பகுதியைச் சரிசெய்தார்கள். முன்பே வாங்கியவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறையும் அந்த நகரம், என் நகரம், மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது. மூன்று வருடமாக முதல் பகுதியை விளையாடுகிறவர்களும் என்னைப்போலப் பாலத்துக்கு இந்தப் பக்கமேதான் நிற்கிறார்கள்.

விளம்பரக் கணக்குகள் வேறு. 174 மணி நேரக் காட்சிகள் என்கிறார்கள். 17,000 விதமான முடிவுகள் என்கிறார்கள். சின்னச் சின்ன மாற்றங்களையும் பெருக்கிக் கூட்டினால் வரும் எண் அது. கல்யாண மண்டபத்தில் சோறு, குழம்பு, கூட்டு எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்து "எங்களிடம் ஐந்நூறு வகை விருந்து" என்று சொல்வதுபோல. இலையில் விழுவது ஒன்றுதான், அது ருசியாக இருந்தால் போதும். (ஜூலை 7 நேரலையில் ஒரு கரடி செய்த வேலையால் டிக்டாக் அந்த ஒளிபரப்பையே நிறுத்தியது. ஞாயிறு பதிப்பில் இதற்குமேல் எழுத ஆசிரியர் விடமாட்டார். பெற்றோர் கவனத்துக்கு: இது பெரியவர்களுக்கான விளையாட்டு.)

இதையெல்லாம் சொன்னேன். அக்கா மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, இது நம்ம ஊருலயும் செஞ்ச கேம்" என்றான்.

அது உண்மை. இந்த 2023இல் லாரியனுக்கு ஆறு ஊர்களில் ஸ்டூடியோ இருக்கிறது. கெண்ட், டப்ளின், கியூபெக், கில்ஃபோர்டு, பார்சிலோனா, ஆறாவது நம் கோலாலம்பூர். நானூறு பேருக்கு மேல் உழைக்கும் ஒரு படைப்பில் நம் தலைநகரத்து ஆட்களின் கையும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் தொழில் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறது. பேஷன் ரிபப்ளிக் போன ஆண்டு ஜிகாபாஷ் என்ற அரக்கர் சண்டையைச் சொந்தப் படைப்பாகவே வெளியிட்டது. லெமன் ஸ்கை போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுப் பெரிய பெயர்களுக்கு உருவங்கள் செய்து கொடுக்கின்றன.

அதில் ஒரு வலியும் உண்டு. 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 புதுப்பிக்கப்பட்டு வந்தது. அதன் உருவங்களுக்கு லெமன் ஸ்கை கலைஞர்களும் உழைத்தார்கள். சொன்ன வசதிகள் இல்லை, பழைய வசதிகளும் போயின என்று உலகமே திட்டித் தீர்த்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எதைச் செய்வது, எதை வெட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் எங்கோ இருந்தார்கள். இங்கே உட்கார்ந்து வாளும் கவசமும் இழைத்தவர்களின் உழைப்பும் அந்தத் திட்டோடு சேர்ந்தே போனது. ஒரு விளையாட்டு சொதப்பினால் வாங்கியவனுக்கு இருநூறு வெள்ளியோ என்னவோ நட்டம். செய்தவனுக்குப் பல வருடம்.

என் அக்கா மகனுக்கு இருபது வயது. விளையாட்டுக்கு உருவம் செய்யும் கலையைப் படிக்கிறான். கடனில்தான் படிப்பு. அவன் செய்த மாதிரிகளில் எனக்குப் பிடித்தது ஒரு முனீஸ்வரர். முறுக்கு மீசை, தலைப்பாகை, கையில் அரிவாள், வாயில் சுருட்டு, பக்கத்தில் வெள்ளைக் குதிரை. எங்கள் தாத்தா வேலை செய்த தோட்டத்துக் கோயில் சிலையை நேரில் போய்ப் படம் எடுத்து வந்து, கணினியில் மூன்று மாதம் செதுக்கியது. குதிரையின் பிடரி மயிருக்கு மட்டும் இரண்டு வாரம். அதை வைத்து இங்குள்ள ஒரு ஸ்டூடியோவில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறான். எந்த ஸ்டூடியோ என்று எழுதக் கூடாது என்று உத்தரவு. இன்னும் பதில் வரவில்லை.

அக்காவுக்கு இதில் நம்பிக்கையில்லை. "வெளையாட்டு வெளையாட்டுன்னு இருந்தா சோறு கெடைக்குமாடா? நீயும் அவனுக்குத் தூபம் போடு" என்று எனக்கும் சேர்த்தே அர்ச்சனை. கம்போங் ஜாவாவில் அவர் வீட்டுக் கூடத்தில், சாமி படத்துக்குக் கீழேதான் அந்தக் கணினி இருக்கிறது. மாதாந்திரக் கட்டணத்தில் அவர் வாங்கிக் கொடுத்தது. திட்டிக்கொண்டே கட்டி முடித்தார். அக்கா சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு விளையாட்டு விழுந்ததும் ஸ்டூடியோவை மூடும் செய்தியை மேலேதான் எழுதியிருக்கிறேன். தனியாகச் சமாளிக்கும் தாய், கடனில் படிக்கும் ஒரே பிள்ளை. அவருக்கு இதுதான் இருபது முகப் பகடை.

நடுவில் ஒரு வேடிக்கை. இதே வாரத்தில், நாளை திங்கட்கிழமை ஜூலை 31, இன்னொரு விளையாட்டு வருகிறது. அதன் பெயர் 'வெண்பா'. ஆம், நம் வெண்பாதான். கனடாவின் டொரோண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். மகன் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் வீடு. வாளும் இல்லை, டிராகனும் இல்லை. முன்னோட்டத்தை அக்காவிடம் காட்டினேன். இட்லித் தட்டை அடுக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, "ஓட்டைய மேல உள்ள தட்டோட மாத்தி வைக்கணும், அப்பதான் ஆவி போகும். இது கூடவா கேமு?" என்றார். பிறகு, "எவ்வளவாம் அது?" என்று கேட்டார். இருபது வருடத்தில் அக்கா விலை கேட்ட முதல் விளையாட்டு.

மறுபடி பிரிக்பீல்ட்ஸ் மேசைக்கு. பில் வரும்வரை முடிவாகவில்லை. சீனப் பையன் முதல் பகுதியை ஏற்கெனவே வாங்கியவன், அவனுக்குக் கவலையில்லை, முழு விளையாட்டும் தானாக வந்துவிடும். மலாய்ப் பையன் விமர்சனங்கள் வரட்டும் என்கிறான். மூன்றாமவனுடைய கணினியில் 150 ஜிபி காலி இடமே இல்லை, கல்லூரி வேலைகளை அழித்தால்தான் உண்டு. இதை நால்வர் சேர்ந்தும் விளையாடலாம் என்பதால், ஒருவன் பின்வாங்கினால் எல்லாருக்கும் சிக்கல். கொமுட்டருக்கு நேரமாகிவிட்டது என்று கே.எல். சென்ட்ரலுக்கு நடக்கும்போதும் அக்கா மகன் விடவில்லை. "நீங்க ஏன் மாமா இன்னும் வாங்கல? உங்களுக்குத்தான அந்த ஊரப் பாக்கணும்?"

ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டும்வரை நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் கைப்பேசியை எடுத்து அவனிடமே கொடுத்து, எப்படி வாங்குவது என்று காட்டச் சொன்னேன். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று ஒப்பந்தம். அதை இங்கே எழுதிவிட்டேன். அக்கா ஞாயிற்றுக்கிழமை முதலில் படிப்பது ராசிபலன், இந்தப் பக்கம் வர மதியம் ஆகும்.

வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம்: குடும்ப வேலை. வியாழன் இரவு எட்டு மணிக்குக் கணினியைக் காரில் ஏற்றிக்கொண்டு அவன் என் வீட்டுக்கு வருகிறான். என் வீட்டு இணையம் கொஞ்சம் வேகம். பழைய கூட்டாளி இப்போது ஜொகூரில் இருக்கிறான். அவனுக்கும் செய்தி அனுப்பினேன். "தட்டுல கீறல் இல்லையே?" என்று மட்டும் பதில் வந்தது.