அந்த மீதி நாலு

சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டியில் ஒரு வீடு. பூப்பறிப்பு, சமையல் எல்லாம் முடித்து அம்மா உட்காரும்போது மணி எட்டாகிவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை 47ஐ 6ஆல் பெருக்குகிறது. ஏழாறு நாற்பத்திரண்டு, 2 போட்டாச்சு, மீதி 4. நாலாறு இருபத்துநாலு என்று கண்டுபிடிக்கும்வரை அந்த 4 மனசுக்குள் நிற்க வேண்டும்.

அது நிற்கும் இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974இல் இதை விளக்கினார்கள். வளர்ந்தவர்களுக்கே அங்கே ஒரே சமயத்தில் நாலைந்து விஷயங்கள்தான் தங்கும். குழந்தைக்கு இன்னும் குறைவு. உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால்தான் நிற்கும். விட்டால் சில நொடிகளில் நழுவிவிடும்.

அந்த நேரம் பார்த்து, "எத்தனை வாட்டி சொல்லிக் குடுத்தாலும் மண்டையில ஏறாதா?" என்று ஒரு குரல். காதில் விழும் பேச்சு, நாம் விரும்பாவிட்டாலும், நேரே அதே இடத்துக்குள்தான் நுழைகிறது. 4 இருந்த இடத்தில் இப்போது திட்டு இருக்கிறது. கூடவே பயம். பயத்தில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அதிகமாகச் சுரக்கும்போது, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி தளர்ந்துபோகிறது. செயல்நினைவைத் தாங்குவதே அந்தப் பகுதிதான். பிள்ளை முழிப்பது திமிரில்லை. எண் நிஜமாகவே போய்விட்டது. அதைப் பார்த்து அம்மாவின் குரல் இன்னும் உயர்கிறது. கணக்கு தெரியாததால் சண்டை என்று நினைக்கிறோம். தெரிந்த கணக்கையும் சண்டை அழித்துவிடும்.

அமெரிக்காவில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. கணக்கு என்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், அந்த ஆண்டில் பிள்ளை கற்ற கணக்கு குறைந்தது, பயம் கூடியது. அப்படிப்பட்ட பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை. அதனால் பெற்றோர் ஒதுங்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உதவியின் வடிவத்தை மாற்றலாம்.

மீதியை மேலே சின்னதாக எழுதிக்கொள்ளச் சொல்லலாம். மனசின் சுமையைத் தாள் வாங்கிக்கொள்ளும். பசியும் தூக்கமும் கண்ணைச் சுழற்றும் நேரத்துக்கு முன்பே பாடத்தை முடிக்கலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 மணிவரைதான் சொல்லிக்கொடுத்தார்கள். தெருவில் பொறுமையான அக்கா ஒருத்தி இருந்தால், வாரத்தில் சில மாலைகள் அவளிடம் அனுப்புவதில் வெட்கமே வேண்டாம்.

அம்மாவுக்குப் பாடம் தெரியாத வீடுகள் இங்கே ஏராளம். அங்கேயும் ஒரு வழி உண்டு. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேட்டால் போதும். திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நாள்பட மனதில் நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். பூக் கட்டிக்கொண்டே கேட்கலாம். பிள்ளை தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல், அடுத்த பூவைத் தொடுக்கும் நேரம் காத்திருக்கலாம்.