நாசிக் பல் டாக்டர் மிதித்த 4,800 கிலோமீட்டர்

பல் டாக்டர் தொழிலில் முதலில் தேய்வது டாக்டரின் கழுத்துதான். நோயாளி எவ்வளவு திறந்தாலும் வாய்க்குள் மூன்று விரல் நுழைகிற இடம்தான் கிடைக்கும். அதற்குள் கண்ணாடியையும் கருவியையும் விட்டு, தலையைச் சாய்த்து, மில்லிமீட்டர் பிசகாமல் வேரைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு ரூட் கெனால் முடிய முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகும். அவ்வளவு நேரமும் குனிந்த தலை நிமிராது. சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டும்போது பிடரி இறுகிப்போயிருக்கும்.

இந்தத் தொழிலைச் செய்கிற டாக்டர் மகேந்திர மகாஜன், 2015 ஜூன் மாதம் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் சைக்கிளில் ஏறி, கிழக்குக் கடற்கரையில் போய் இறங்கினார். கூட மிதித்தவர் அண்ணன் ஹிதேந்திர மகாஜன், மயக்க மருந்து டாக்டர். சொந்த ஊர் கோதாவரிக் கரையிலுள்ள நாசிக். 

போட்டியின் பெயர் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா'. 1982இல் நான்கே பேரோடு தொடங்கியது. 2015இல் பாதை கலிஃபோர்னியாவின் ஓஷன்சைடிலிருந்து மேரிலாண்டின் அனாபொலிஸ் வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். வழியில் ஏறுகிற மேடுகளை எல்லாம் கூட்டினால் 1,70,000 அடி வரும். எவரெஸ்ட்டைக் கிட்டத்தட்ட ஆறு முறை அடுக்கிய உயரம். முதலில் பாலைவன வெயில். பிறகு ராக்கி மலையில் 10,857 அடி உயரத்து வுல்ஃப் கிரீக் கணவாய். நம் தொட்டபெட்டாவைவிட இரண்டாயிரம் அடிக்கு மேல் உயரம் அது.

மலை இறங்கினால் கான்சாஸ். கண்ணுக்கு எட்டியவரை சமதரை, மறைக்க ஒரு தோப்பில்லை, காற்று இஷ்டத்துக்கு அடிக்கும். சமதரைதானே, சுலபம் என்பவர்கள் ஆடி மாதத்தில் தஞ்சையிலிருந்து மேற்கே வல்லம் வரை மிதித்துப் பார்க்கட்டும். மலைமேடாவது ஓரிடத்தில் முடியும்; எதிர்காற்றுக்கு முடிவே தெரியாது.

இருவர் அணியில் ஒருவர் மிதிக்க, மற்றவர் வண்டியில் சற்று சாய்ந்துகொள்ளலாம். முறை மாறும்போது, வருகிறவரின் முன்சக்கரம் புறப்படுகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் வரும் அளவுக்கு எட்டிப் பிடிக்க வேண்டும். இரவில் பின்னால் வரும் காரின் வெளிச்சத்தில்தான் ஓட்ட வேண்டும். இப்படி இரவு பகலாக மாறி மாறி மிதித்து, 8 நாள் 14 மணி 55 நிமிடத்தில் சகோதரர்கள் எல்லையைத் தொட்டார்கள். கெடு 9 நாள். மணிக்குச் சராசரி 23 கிலோமீட்டர் வேகம், அதுவும் தூக்கம், சாப்பாடு, பஞ்சர் எல்லாவற்றையும் சேர்த்து! இந்தப் போட்டியை முடித்த முதல் இந்திய அணி அவர்களுடையது. பழங்குடி மக்களின் கண் சிகிச்சைக்காக ஓட்டியதால் அணிக்கே 'விஷன் ஃபார் ட்ரைபல்ஸ்' என்று பெயர்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2017இல், ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், அமித் சமர்த் என்ற இருவர் இதே தூரத்தைத் தனியாளாக முடித்தார்கள். அவர்களும் டாக்டர்கள். நாள் முழுக்க வியாதியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஏன் இந்த வேதனையைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். வலியைக் கண்டு பதறாமல் அடுத்த காரியத்தைப் பார்க்கத் தொழிலே அவர்களைப் பழக்கியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

கழுத்துக்கு வருவோம். இந்தப் போட்டியில் நாள்கணக்கில் முன்னே குனிந்து ஓட்டுகிறவர்களுக்குத் திடீரென்று கழுத்துத் தசை செயலிழந்து, தலை நிற்காமல் தொங்கிவிடுவதுண்டு. 1983இல் அவதிப்பட்ட வீரரின் பெயரால் இதை 'ஷெர்மர் கழுத்து' என்பார்கள். மோவாய்க்கு முட்டுக் கொடுத்து ஓட்டியவர்களும் உண்டு. கழுத்தை வைத்துப் பிழைக்கிற ஒரு பல் டாக்டர் இந்தப் போட்டியில் இறங்க எத்தனை துணிந்திருக்க வேண்டும்!

காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்கா தூரம்தான். ஆனால் 'பிரெவே' என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. முதல் கட்டம் 200 கிலோமீட்டர், அவகாசம் பதின்மூன்றரை மணி நேரம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் போதும். தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்புகிற தூரம்தான் ஏறக்குறைய. பக்தர்கள் காவி உடுத்தி அந்தச் சாலையில் நடந்தே போகிற ஊர் இது. கழுத்தையும் முதுகையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு, தை மாதப் பனியில் சைக்கிளை வெளியே எடுங்கள்.