மழைக்காலத்துக் கொசுத்தேன் வேண்டாமே!

போன ஐப்பசி அடைமழையில் ஓர் அம்மாள் சின்ன பாட்டில் ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். "டாக்டர், எங்க வீட்டுச் சுவர்லயே எடுத்த கொசுத்தேன். எடுத்துப் பத்து நாள்தான் ஆச்சு. திப்பிலிச் சூரணம் இதுல குழைச்சுச் சாப்பிடலாமா?"

மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று நுரை பொங்கியது, கள் வாடை! தேனில் கலப்படம் எதுவும் இல்லை. எடுத்த காலம்தான் தப்பு.

கொசுத்தேனீயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுவர் விரிசல், மரப்பொந்து போன்ற இடங்களில், மெழுகும் பிசினும் கலந்து சின்னக் குழாய் மாதிரி வாசல் கட்டியிருக்கும். கொட்டாது. ரொம்பச் சீண்டினால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். உடம்பு சுமார் 4 மில்லிமீட்டர். இத்தனை சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் மார்கழிக் காலையில், வெயில் ஏறிய பிறகுதான் கூட்டைவிட்டுக் கிளம்பும். பலத்த காற்றில் பறக்கத் திணறும். மழைத்துளி பட்டாலோ கீழே விழ வேண்டியதுதான். கோடையில் நிலைமை வேறு: காலையிலேயே மகரந்தம் சேர்த்துவிடும், உச்சிவெயிலில் பூக்களில் மது வற்றுவதால் போக்குவரத்து குறையும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை. நாள்கணக்கில் வெளியே போக முடியாது. அப்போது கூட்டத்தைக் காப்பாற்றுவது, சிறு மெழுகுக் குடங்களில் அது சேர்த்து வைத்த தேன்தான். அதை நாம் வழித்தெடுத்தால் கூடே பட்டினியில் அழிந்துபோகலாம். மழை விட்டதும் பறந்தாலும் பூவில் கிடைப்பது நீர்த்துப்போன மது. ஈரக் காற்றில் அதைச் சுண்ட வைப்பதும் சிரமம். கொசுத்தேனில் சாதாரணத் தேனைவிட இயல்பாகவே நீர் அதிகம். அதோடு மழைக்கால ஈரமும் சேர்ந்தால் புளித்துப் பொங்காமல் என்ன செய்யும்?

ஒரு விஷயம். கொசுத்தேன் இயல்பிலேயே லேசாகப் புளிக்கும். அதற்காகக் கெட்டது என்று கொட்டிவிடாதீர்கள். நுரையும் கள் வாடையும் வந்தால்தான் ஒதுக்க வேண்டும்.

மாவும் வேம்பும் பூத்து முடியும் பங்குனி, சித்திரைதான் எடுக்க ஏற்ற காலம். அப்போதும் பாதியை விட்டு வையுங்கள். ஒரு கூட்டில் வருஷத்துக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே பெரிசு. உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் புளிப்பது தாமதப்படும். சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவும் இனிப்புதான், மறக்க வேண்டாம்.

அந்த அம்மாள் எழுந்திருக்கும்போது, "ஆறு மாசப் பேரனுக்கு நாக்குல ஒரு சொட்டு தடவலாமில்ல?" என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். எவ்வளவு சுத்தமான தேனிலும் 'பாட்டுலிசம்' என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடல் அவற்றைச் சமாளித்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. கை, கால் துவண்டு, பால் குடிக்க முடியாமல், மூச்சுத் திணறல் வரைக்கும் போய்விடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற வீடுகளிலும் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

"அப்ப அந்தச் சுவர் ஓட்டையை அடைச்சிடட்டுமா?" என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. சித்திரையில பாட்டிலோட வாங்க" என்று சொல்லி, அன்றைக்குச் சூரணத்தை வெந்நீரில் கொடுத்தனுப்பினேன்.